தலையில் நுரையோடு ஒரு வேண்டுதல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஷாம்பு மீது எந்தத் தப்பும் இல்லை. என் மனைவி கோமதி, அவளுடைய அண்ணன் ஏழுமலை, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மொத்தச் சனம் என்று எல்லோரும் வரிசையில் நின்று வேறு மாதிரி சொல்வார்கள். சொல்லட்டும். நான் வேதியியல் பட்டதாரி. அவர்கள் கல்யாணத்தில் பாயசம் குடித்தவர்கள். யார் பேச்சை நம்புவது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

தலையில் நுரை இருக்கும்போது மனுஷன் சாமியிடம் பேசக் கூடாது. அவசரத்தில் பேசிவிட்டாலும் அப்போது கையில் போன் இருக்கக் கூடாது. நடந்த கோளாறு இவ்வளவுதான். மீதி எல்லாம் விஞ்ஞானம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. கரண்ட் எப்போது வரும் என்று கேட்பதை ஊர் நிறுத்தியிருந்த வருஷம். வசதி இருந்தவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள், இல்லாதவர்கள் விசிறி வாங்கினார்கள். எனக்கு விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை. ஒரு தனியார் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். (பையன்களுக்கு 'சார்', வாத்தியார்களுக்கு 'குமரேசா, அந்த பீக்கர எடு'.) தினமும் காலையில் பாசஞ்சர் ரயில், சாயங்காலம் கிடைத்த பஸ்.

அப்போது எனக்கு நாற்பது வயது. என்னிடம் சொத்து என்று ஒன்று இருந்ததென்றால் அது தலைமுடிதான். எங்கள் வம்சத்தில் ஆம்பளைகளுக்கு முடி கல்யாணம் வரைக்கும்தான் நிற்கும். பெண் வீட்டார் பார்த்துவிட்டுப் போன மறுநாளே உதிர ஆரம்பித்துவிடும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அப்பா, பெரியப்பா, என் அண்ணன் மூவரும் நிற்கும் குடும்பப் போட்டோவில் ஃபிளாஷ் வெளிச்சம் மூன்று இடத்தில் திரும்பி அடித்திருக்கும். நான் ஒருவன்தான் தப்பித்தவன். நாற்பதிலும் சீப்பு உள்ளே போனால் வெளியே வர யோசிக்கும். அந்தத் திமிரில்தான் நடப்பேன்.

ஒரே குறை, பொடுகு. கறுப்புச் சட்டை போட்டால் தோளில் ரவை கொட்டிய மாதிரி இருக்கும். அதனால் வெள்ளைச் சட்டையாகவே போட்டு, எளிமையான மனிதர் என்று பேர் வாங்கிவைத்திருந்தேன்.

அந்தப் பேரைக் கெடுத்தவர் என் மச்சான் ஏழுமலை. துபாயில் வேலை. மகள் ரம்யா கல்யாணத்துக்காகத் திண்டிவனம் வந்திருந்தார். பெட்டியைப் பிரித்து எல்லோருக்கும் சாமான் கொடுத்தார். ஒருத்தருக்கு சென்ட், ஒருத்தருக்குக் கம்பளி, ஒருத்தருக்கு டார்ச் லைட். என் முறை வந்ததும் பச்சை நிறத்தில் ஒரு நெட்டை பாட்டிலை எடுத்துக் கூடத்தின் நடுவில் உயர்த்திக் காட்டினார்.

"மாப்ள, இது உனுக்குன்னே தேடி எடுத்தாந்தேன். டீ ட்ரீ ஷாம்பு. உன் தலையிலேந்து மாவு கொட்டிக்கினே இருக்குதில்ல, அதுக்கு."

கூடமே என் தோளைப் பார்த்தது. மச்சானுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. ஷாம்புக் கடைக்குள் அவர் நுழைந்ததைப் பார்த்து அந்தக் கடைக்காரன் என்ன நினைத்திருப்பான்!

"தேயிலைல செஞ்சதாண்ணா?" என்று கேட்டாள் கோமதி.

"அது வேற மரம்" என்றேன் நான் முந்திக்கொண்டு. "ஆஸ்திரேலியாக்காரன் ஊரு மரம். அதோட இலைலேந்து எடுக்கற தைலம், பொடுக உண்டாக்கற பூஞ்சைய அடிக்கும்."

"தெரிஞ்சுக்கினே இத்தினி வருஷம் சும்மாவா இருந்தீங்க?" என்றாள்.

மானம் போனது போனதுதான். ஆனால் வேதியியல் படித்தவன் ஒரு பாட்டிலை அப்படியே தலையில் கவிழ்த்துவிடுவானா? ஆராயாமல் தொடுவதில்லை என்று முடிவுகட்டினேன். மறுநாள் ரயிலில் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய் அதன் முதுகில் பொடி எழுத்தில் இருந்த சரக்குகளை உரக்கப் படித்தேன். எதிரே தனபால். திண்டிவனத்தில் ஒரு விதைக்கடையில் வேலை, எனக்கு தினசரி ரயில் சிநேகிதம், என்னைக் கிண்டல் செய்வது அவருக்குக் காலைப் பலகாரம்.

"முதல்ல இன்னா போட்டிருக்கான்?" என்றார்.

"அக்வா."

"அப்படின்னா?"

"தண்ணி."

"துபாய்லேந்து தண்ணி எடுத்தாந்திருக்காரு உங்க மச்சான். அடுத்தது?"

"சோடியம் லாரத் சல்ஃபேட். நுரைக்கு. அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கறது இதுதான். அப்புறம் ஒன்னு தேங்காய்லேந்து வர்றது, முன்னது ரொம்ப முரட்டுத்தனம் பண்ணாம பாத்துக்கும். அப்புறம் சோடியம் குளோரைடு."

"அது இன்னா?"

சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. "உப்பு."

"கொழம்புக்குப் போட்றோமே, அந்த உப்பா?"

"கெட்டியா இருக்கறதுக்குப் போடுவாங்க தனபால்."

"ஏன்பா, உப்பும் தண்ணியும் கலந்து வெச்சிக்கினு பேரு மட்டும் டீ ட்ரீன்னு இருக்குதே, அந்த மரம் எங்க?"

நியாயமான கேள்வி. தேடினேன். உப்புக்கும் கீழே, வாசனைக்கும் கீழே, மென்தாலுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது டீ ட்ரீ தைலம். எது அதிகமோ அது முதலில், குறைவானது கடைசியில் என்பது இந்தப் பட்டியல்களின் முறை. அதாவது பாட்டில் பூராவும் படம் போட்டுப் பேர் வாங்கியவர், உள்ளே கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்திருந்தார்.

தனபால் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் ஒரு ரூபா பாக்கெட்டு போட்டுக்கினு வர்றேன். எனுக்கு ஒன்னும் ஆவல. நீ படிச்சிப் படிச்சே பேஜாராவப் போற."

அன்று மதியம் லேபில் வேலை ஆரம்பித்தேன். மூன்று சோதனைக் குழாய். ஒன்றில் மச்சான் ஷாம்பு, ஒன்றில் தனபாலின் பாக்கெட், ஒன்றில் எங்கள் வீட்டுச் சீயக்காய்த் தூள். தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். பாக்கெட் ஷாம்பு குழாயை விட்டு வெளியே வந்து மேசையில் நடந்தது. சீயக்காய் மரியாதையாக ஒரு விரற்கடை நுரைத்தது. பச்சை பாட்டில் இரண்டுக்கும் நடுவே, அலட்டல் இல்லாமல். பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்தால் லேசான அமிலம், சீயக்காய்க்குச் சொந்தக்காரன் மாதிரி. தலைத்தோலுக்கு அதுதான் ஒத்துப்போகும். நல்ல சரக்கு என்று அங்கேயே தீர்ப்பு எழுதினேன். அந்தத் தீர்ப்பை இன்றுவரை மாற்றவில்லை.

என் மூளை அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அது அடுத்த படியும் ஏறியது. தைலம் கொஞ்சமாக இருக்கிறது. 'தலையில் தேய்த்து இரண்டு மூன்று நிமிஷம் விட்டு அலசவும்' என்று போட்டிருக்கிறான். இவ்வளவு கொஞ்சம் தைலம் அவ்வளவு சீக்கிரத்தில் எப்படி இறங்கும்? அதெல்லாம் வெள்ளைக்காரன் தலைக்கு எழுதியது. சனிக்கிழமை நல்லெண்ணெயை உச்சியில் சூடு பறக்கத் தேய்த்து, வெயிலில் உட்கார்ந்து ஊறவைத்துக் குளிக்கிற பரம்பரை நம்முடையது. தைலம் என்றால் ஊற வேண்டும். ஊறினால்தான் தைலம்.

சோதனை சுத்தமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வாரம் தலைக்குக் குளிக்கவில்லை. சீப்பும் வைக்கவில்லை, கையால் ஒதுக்கிவிடுவதோடு சரி. (கோமதி தலையணையைத் தள்ளிப் போட்டுக்கொண்டது வேறு கதை.) இதற்குள் கல்யாண ஃபிளெக்ஸ் பேனருக்குப் போட்டோ கேட்டார்கள். பொங்கலுக்கு எடுத்த படத்தைக் கொடுத்தேன். வகிடு எடுத்து, முன்னால் ஒரு அலை எழும்பி நிற்கிற படம். 'அன்பு மாமா, குமரேசன் பி.எஸ்சி.' என்று மச்சானுக்குப் பக்கத்திலேயே இடம். அந்த மொட்டைத் தலைக்குப் பக்கத்தில் என் அலை. இதைவிட ஒரு மனுஷனுக்கு வாழ்க்கையில் என்ன வேண்டும்?

கல்யாணத்துக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை. கோமதி உதவிக்காகத் திண்டிவனம் போய்விட்டாள். நான் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடி ஏறினேன். பாதி பாட்டிலை உலர்ந்த தலையில் கவிழ்த்து, எண்ணெய் தேய்க்கிற மாதிரியே உச்சியில் தட்டித் தட்டித் தேய்த்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து வெயிலில் உட்கார்ந்தேன். சாய்ந்த தொட்டியை விரலால் ஒரு தட்டு தட்டியிருந்தால் காலி என்று அதுவே சொல்லியிருக்கும். தட்டவில்லை.

முதலில் குளிர்ச்சி. தலைக்குள் யாரோ ஏசி போட்ட மாதிரி. (மென்தால்.) சுகமாகக் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் குறுகுறுப்பு. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு எறும்பு. பிறகு மிளகாய். மருந்து ரொம்ப நன்றாக வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்தேன். வியர்வை இறங்கி, ஷாம்பு நுரைத்து, நுரை கண்ணுக்குள் இறங்கியதும் விஞ்ஞானம் போதும் என்று எழுந்தேன்.

படியில் தடவித் தடவி இறங்கிக் குளியலறைக் குழாயைத் திறந்தேன். இரண்டு சொம்பு வந்தது. மூன்றாவதற்குக் குழாய் இருமியது. ஓடிப் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். சத்தமில்லை. கரண்ட் இல்லை.

அப்போது என் தலையில் இருந்தது கொஞ்ச நுரை இல்லை. தண்ணீர் பட்டதும் அந்தப் பாதி பாட்டிலும் ஒரே நேரத்தில் முழித்துக்கொண்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் கையில் பட்ட முதல் பாத்திரத்தைத் தலையில் ஊற்றினேன். சில்லென்று இருந்தது. தெரிந்த புளிப்பு வாசனை. முந்தின நாள் சோற்றில் கோமதி ஊற்றிவைத்திருந்த நீச்சத் தண்ணி. தண்ணீர் மட்டுமா, சோறும்தான்.

சோற்றுப் பருக்கையை எடுக்கத் தலைக்குள் விரலை விட்டேன். வெளியே எடுத்தேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

கையில் முடி. ஒன்று இரண்டு இல்லை, கொத்தாக. மறுபடி விட்டேன். மறுபடி கொத்து. அப்பா, பெரியப்பா, அண்ணன் மூவரும் போட்டோவிலிருந்து நகர்ந்து எனக்கு இடம் விடுவது கண்முன்னால் தெரிந்தது. அடுத்த வாரம் மண்டபம். வாசலில் பேனர். பேனரில் அலை.

கோமதிக்குப் போன் போட்டேன்.

"இன்னாங்க, ஜல்தியா சொல்லுங்க, கையெல்லாம் மாவு" என்றாள். கையில் மாவு இருந்தால் ஒரு பெண் போனை எப்படி எடுப்பாள்? சமையலறை மேடையில் வைத்து, பக்கத்திலிருப்பவர்களிடம் ஸ்பீக்கரை அழுத்தச் சொல்வாள். இது என்னைத் தவிர உலகத்தில் எல்லோருக்கும் தோன்றியிருக்கும்.

"கோமதி! முடி பூரா கையோட வருதுடி! எல்லாம் போச்சு!"

"எந்த முடி?"

"என் முடிடி! எரியுது! தண்ணி வேற இல்ல! மயிலம் முருகா, உன் பேரத்தானே எனக்கு வெச்சிருக்காங்க! இந்த முடி மட்டும் கொட்டாம நின்னுச்சுன்னா உன் சன்னதிக்கு வந்து மொட்டை போட்றேன்பா!"

போனில், பலகாரம் சுட உட்கார்ந்திருந்த மொத்தச் சனமும் ஒரே குரலில் சிரிக்கிற சத்தம். அதற்கு மேலே மச்சானின் குரல்: "மாப்ள! முருகனுக்குக் கேட்டுச்சோ இல்லியோ, எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு!"

பக்கத்து வீட்டில் இரண்டு குடம் கடன் வாங்கித் தலையை அலசினேன். நெற்றி மட்டும் மூன்று நாள் சிவந்திருந்தது. முடி? நின்றது. ஒன்றுவிடாமல் நின்றது என்று சொல்ல மாட்டேன். கோமதி ஊரிலிருந்து வந்ததும் அந்தக் கொத்தைப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தில் முடித்தாள்: "ரெண்டு வாரமா தலைக்கு ஊத்தாம, சீப்பு வெக்காம இருந்தா, தினம் கொட்ட வேண்டியது எல்லாம் உள்ளயே சிக்கிக்கினு இருந்து ஒரே நாள்லதான் வரும். இதுக்கு பி.எஸ்சி. எதுக்கு?"

நின்ற முடியோ, என் வாழ்நாளில் அப்படி இருந்ததில்லை. பளபளவென்று, காற்று அடித்தால் தனித்தனியாகப் பறந்தது. பொடுகு பேருக்குக்கூட இல்லை. திங்கட்கிழமை கறுப்புச் சட்டை போட்டு ரயிலேறினேன். தனபாலே எழுந்து வந்து என் தோளைத் தட்டிப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் கோமதி கேட்டாள். "மயிலத்துக்கு எப்ப போறோம்?"

"எதுக்கு?"

"முடி கொட்டலியே. வேண்டுதல் பலிச்சுடுச்சே."

அப்போதுதான் என் வேண்டுதலின் வாசகத்தை நானே முதல் முறையாக நிதானமாக யோசித்தேன். முடி போனால் மொட்டை. முடி நின்றாலும் மொட்டை. இரண்டு பக்கக் கதவையும் நானே சாத்தி, நானே பூட்டி, சாவியைத் திண்டிவனம் சமையலறையில் கொடுத்திருக்கிறேன்.

நான் அடங்கவில்லை. வாதாடினேன். "முடியக் காப்பாத்துனது முருகன் இல்ல கோமதி, சரக்கு அப்படி. பி.ஹெச். பாத்தவன் நான்."

"அப்ப கொட்டிப்போச்சுன்னு கத்தும்போது பி.ஹெச்.ச கூப்புட வேண்டியதுதானே? முருகன ஏன் கூப்ட்டீங்க?"

பூமுடி கொடுக்கிறேன் என்றேன். பெண்கள் மொட்டைக்குப் பதில் நுனியில் கொஞ்சம் வெட்டிச் செலுத்துவார்களே, அது.

"போன்ல இன்னா சொன்னீங்க? பூமுடின்னா சொன்னீங்க?"

"கல்யாணம் முடிஞ்சதும் போட்டுக்கறேன்."

இதற்குத் திண்டிவனத்திலிருந்து பதில் வந்தது. மச்சானே போன் செய்தார். "மாப்ள, கல்யாண வீட்ல நின்னு சொன்ன வேண்டுதல். அத நிலுவைல வெச்சிக்கினு தாலி கட்டக் கூடாதுன்னு பெரியவங்கல்லாம் சொல்றாங்க. எனுக்கு இதுல ஒன்னும் இல்ல. உன் இஷ்டம். வண்டி மட்டும் வாசல்ல நிக்குது." அவர் குரலில் இருந்த ஆனந்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை, மகளுக்கு வரன் அமைந்தபோதுகூட.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை மயிலம் மலை ஏறினோம். மொட்டை அடிப்பவர் என் தலையை நனைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். எடுக்கவில்லை. திரும்பவும் விட்டார்.

"இன்னா சார் இது, இந்த வயசுல இத்தினி அடர்த்தி! ஒரு பொட்டு பொடுகு இல்ல. இன்னா ஷாம்பு போட்றீங்க?"

நான் கோமதியைத் திரும்பிப் பார்த்தேன். தினமும் நூறு தலை பார்க்கிறவர் வாயால், கேட்காமலே வந்த சான்றிதழ். "கேட்டியா?" என்றேன்.

"தலைய ஆட்டாதீங்க சார், கத்தி" என்றார் அவர். அலை முதலில் விழுந்தது. பிறகு மீதி.

மறுநாள் மண்டப வாசலில் சந்தனம் பூசிய தலையோடு நின்று எல்லோரையும் வரவேற்றேன். ஒளியச் சொன்னார்கள். ஏன் ஒளிய வேண்டும்? வேண்டுமென்றே பேனருக்கு நேர் கீழே போய் நின்றேன். மேலே அலையோடு குமரேசன் பி.எஸ்சி., கீழே அலையில்லாமல் அதே ஆள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பேனரைக் காட்டி, என்னைப் பார்த்து, "உங்க தம்பி வரலீங்களா?" என்றார்.

"உள்ள ஷாம்பு போட்டுக்கினு இருக்கான், வருவான்" என்றேன்.

மேடையில் போட்டோவுக்கு நின்றபோது மச்சான் என் தோளில் கை போட்டார். "இன்னிக்குத்தான் மாப்ள நாம ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கோம்." அந்த ஆல்பத்தில் ஃபிளாஷ் இரண்டு இடத்தில் திரும்பி அடித்திருக்கிறது.

முடி திரும்ப வளர்ந்தது. சில வருஷம் கழித்து வம்ச வழக்கப்படி விடைபெற்றும் போனது. அது ஷாம்புவால் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி உண்டு. முட்டாள்தனம். பரம்பரையை எந்த பாட்டிலும் கழுவாது. நான் இன்றும் அதே டீ ட்ரீ ஷாம்புதான் போடுகிறேன். இரண்டே நிமிஷம் வைத்து அலசிவிடுகிறேன், கம்பெனிக்காரன் சொன்னபடி. இல்லாத முடிக்கு எதற்கு ஷாம்பு என்று கேட்பவர்களிடம் தலையைக் குனிந்து காட்டுவேன். பொடுகு இருந்தால் எடுத்துக் காட்டு என்பேன். இதுவரை ஒருத்தரும் எடுத்துக் காட்டியதில்லை.

அந்த பேனரைக் கல்யாணம் முடிந்த கையோடு கோமதி சுருட்டி எடுத்து வந்துவிட்டாள். நல்ல கெட்டி ஃபிளெக்ஸ், வீணாக்குவாளா? எங்கள் மொட்டைமாடித் தொட்டியின் மூடி ஒரு காற்றில் பறந்துபோன பிறகு அதைத்தான் மடித்துப் போட்டுக் கட்டிவைத்திருக்கிறோம். மடிப்பின் மேல்பக்கம் என் முகம்.

இன்றைக்கும் மோட்டார் போடுவதற்கு முன்னால் கோமதி கீழே நின்று கத்துவாள்: "இன்னாங்க, உங்க தலையத் தூக்கிப் பாருங்க, உள்ள ஏதாச்சும் இருக்குதான்னு!" கல்யாணமாகிப் போன ரம்யா வந்தாலும் அதையேதான் சொல்கிறாள், அவள் பிள்ளைகளும் சொல்கின்றன.

நானும் ஏறிப் போய் என் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். இத்தனை வருஷ வெயிலில் 'அன்பு மாமா' அழிந்துவிட்டது, பி.எஸ்சி. அழிந்துவிட்டது, மூக்கு, முழி எல்லாம் வெளுத்துப்போனது. அலை மட்டும் கறுகறுவென்று அப்படியே இருக்கிறது. ஒரு முடி கொட்டவில்லை.